கொரிப்போ: 12 பேர் வாழ்ந்த சுவிஸ் ஊராட்சி

“சுவிட்சர்லாந்தில் வெறும் 12 பேர் வாழ்ந்த ஊராட்சி ஒன்று இருந்ததாமே, உண்மையா? அவ்வளவு சின்ன ஊர் எப்படித் தன்னைத்தானே நிர்வகித்துக்கொண்டது? இப்போது அதன் நிலை என்ன?” என்று கேட்டிருந்தீர்கள்.

உண்மைதான். ஊரின் பெயர் கொரிப்போ. நாட்டின் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில், வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் இருக்கிறது. தனி ஊராட்சியாக இருந்த கடைசிச் சில ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். அப்போது மக்கள்தொகைப்படி நாட்டின் ஆகச் சிறிய ஊராட்சி அதுதான். 2020 அக்டோபர் 18 அன்று பக்கத்து ஊர்களோடு இணைந்து, வெர்சாஸ்கா என்ற புதிய ஊராட்சியின் ஒரு பகுதியானது.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், எட்டாத மலையில் ஒதுங்கிக் கிடந்ததால் ஆள் இல்லாமல் போயிற்று என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லொகார்னோ நகரத்திலிருந்து காரில் சுமார் அரை மணி நேரத்தில் கொரிப்போவை அடைந்துவிடலாம். கடல்மட்டத்திலிருந்து உயரமும் ஏறத்தாழ 560 மீட்டர்தான். 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் எத்தனையோ சுவிஸ் ஊர்கள் இன்றும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவுமாக நன்றாகவே இருக்கின்றன. ஆக, தூரத்தின் மீதும் குளிரின் மீதும் பழி போட முடியாது. அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் வருடம் முழுக்க ஒரே ஊரில் உட்கார்ந்து வாழ்ந்தவர்கள் அல்லர். கீழே சமவெளி, நடுவில் ஊர், மேலே மேய்ச்சல் நிலம் என்று மாறி மாறிக் குடிபோனவர்கள். கீழே நிரந்தரமாகத் தங்க வழி பிறந்ததும் நடுவில் இருந்த ஊர் காலியானது. கொரிப்போவின் மக்கள்தொகைக் கணக்கை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வெர்சாஸ்கா ஆறு 2,864 மீட்டர் உயரமுள்ள பிட்ஸோ பரோனே மலையடியில் பிறந்து, 30 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, தெனெரோவுக்கும் கோர்தோலாவுக்கும் நடுவே மாஜோரே ஏரியில் கலக்கிறது. தண்ணீர் மரகதப் பச்சை. அந்த நிறத்துக்காகவே கோடையில் கூட்டம் வருகிறது. மேல்பகுதியில் சொனோஞ்ஞோ, பிரியோனே போன்ற ஊர்களுக்கு ஓரளவு சமதரை உண்டு. கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் சுவர் போலச் செங்குத்தாக இறங்குகிறது மலை. கொரிப்போ இந்தக் கீழ்ப்பகுதியில், ஆற்றின் வலது கரைச் சரிவில் இருக்கிறது. ஊராட்சியின் மொத்தப் பரப்பு 7.7 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடும் பாறையும். வீடுகள் இருக்கும் இடம் ஒரு கைப்பிடி அளவுதான்.

அந்தக் கைப்பிடி அளவு இடத்தில் வீடுகள் ஒன்றன் தலைக்கு மேல் இன்னொன்றாக அடுக்கி நிற்கின்றன. சுவர் மலைக்கல், கூரையும் கல். ஓட்டுக்குப் பதிலாகப் பட்டையாக உடைத்த கற்பலகைகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி பரப்பியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையே பல நூறு கிலோ எடை வரும் என்பதால் உத்தரங்கள் தடித்த செஸ்ட்நட் மரம். பூசாத சாம்பல் நிறச் சுவரில் ஜன்னலைச் சுற்றி மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை. வீடுகளுக்கு இடையில் தெரு என்று சொல்ல எதுவும் இல்லை, படிகள்தான். ஊருக்குள் வண்டி போகாது. தரை சமமாகக் கிடைத்த இடத்தையெல்லாம் பயிருக்கு விட்டுவிட்டு, எதற்கும் உதவாத சரிவில் வீடு கட்டினார்கள். இன்று அழகு என்று படம் எடுக்கிற அந்த நெருக்கம் ஒருபிடி மண்ணையும் வீணாக்கக்கூடாது என்ற கணக்கில் வந்தது.

சாப்பாட்டுக்கு வழி என்ன? ஆடு, கொஞ்சம் மாடு, கல் அடுக்கிக் கட்டிய மேடைகளில் ரை தானியம், துணிக்கும் கயிற்றுக்கும் சணல் வகைப் பயிர், பின்னாளில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளக் களியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் செஸ்ட்நட் கொட்டை. ஆல்ப்ஸின் தென்பக்கத்து மலையடி ஊர்களில் அந்த மரத்தை நம்பித்தான் ஏழைக் குடும்பங்கள் குளிர்காலத்தைக் கடந்தன. அதைக் காய வைப்பதற்கென்றே தனியாகச் சின்னக் கல்வீடு இருக்கும். கீழ்த்தளத்தில் தீ மூட்டுவார்கள். கொழுந்துவிட்டு எரியக்கூடாது, கனன்றபடி புகைய வேண்டும். மேலே மரச்சட்டங்களால் ஆன பரணில் கொட்டைகளைப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, வாரக்கணக்கில் காய வைப்பார்கள். பிறகு சாக்கில் போட்டு அடித்துத் தோல் நீக்கி, மாவாக அரைத்தோ பாலில் வேக வைத்தோ சாப்பிடுவார்கள். இந்த வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்வது கடினம். தீயை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளவே முறை வைத்து ஆள் வேண்டும். ஆள் குறைந்த ஊரில் இப்படிப்பட்ட கூட்டு வேலைகள்தான் முதலில் நிற்கும்.

புல் சேர்ப்பது இதைவிடக் கொடுமை. பசு ஏற முடியாத சரிவுகளில் தானாக வளரும் புல்லை மனிதர்கள் ஏறி அறுத்து, கட்டி, முதுகுக் கூடையில் சுமந்து இறக்கினார்கள். அதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆண்கள் வருடத்தில் பல மாதம் ஊரில் இருப்பதில்லை. வட இத்தாலியின் லோம்பார்டி நகரங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். வெர்சாஸ்காவிலிருந்து சிறு பையன்களைக்கூட மிலான் பக்கம் புகைபோக்கி சுத்தம் செய்ய அனுப்பினார்கள். குறுகிய புகைபோக்கிக்குள் ஏறச் சின்ன உடம்பு தேவைப்பட்டது. ஊரையும் நிலத்தையும் ஆட்டையும் காப்பாற்றி வைத்தது பெண்கள். அப்படி இருந்தும் திச்சினோவில் பெண்களுக்கு மாநில அளவில் ஓட்டுரிமை கிடைத்தது 1969-இல்தான். இந்த ஊர்களின் வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது இது.

இனி அந்தக் குடிபெயர்வு. வெர்சாஸ்கா ஆறு ஏரியில் சேரும் இடத்துக்குக் கிழக்கே, பெல்லின்சோனா நகரம் வரை நீள்கிறது மகதினோ சமவெளி. பள்ளத்தாக்கின் குடும்பங்களுக்கு அங்கேயும் நிலம் இருந்தது. ஓரச் சரிவுகளில் திராட்சைத் தோட்டம் இருந்தது. குளிர்காலத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு, சட்டி பானையோடு கீழே போவார்கள். வசந்தத்தில் ஊருக்கு ஏறுவார்கள். பனி உருக உருக இடைநிலைப் புல்வெளிகளுக்கும், பிறகு உச்சி மேய்ச்சலுக்கும் போவார்கள். இலையுதிர் காலத்தில் இதே வரிசையில் இறங்குவார்கள். ஒரே குடும்பத்துக்கு மூன்று நான்கு இடங்களில் குடிசையோ வீடோ இருக்கும்.

“கீழே நிலம் இருக்கும்போது அங்கேயே தங்கியிருக்கலாமே” என்று தோன்றும். தங்க முடியாது. மகதினோ சமவெளி அன்று சதுப்பு நிலம். 1513-இல் பியாஸ்கா அருகே மலை சரிந்து விழுந்து ஆற்றை அடைத்து ஏரியாக்கியது. 1515-இல் அந்த இயற்கை அணை உடைந்து வந்த வெள்ளம், பெல்லின்சோனாவைத் தாண்டி மாஜோரே ஏரி வரை விளைநிலத்தை நாசமாக்கியது. அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்குத் திச்சினோ ஆறு இஷ்டப்படி தடம் மாறி ஓடிய இடம் அது. கோடையில் மலேரியா. குளிர்காலத்தில் மட்டும்தான் அங்கே பயமில்லாமல் இருக்கலாம். கோடை வந்தால் உயிருக்குப் பயந்தே மேலே ஏற வேண்டும். கொரிப்போ போன்ற ஊர்களை நிலைநிறுத்தியதில் சமவெளியின் நோய்க்கும் பங்கு உண்டு.

அரசியல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லொகார்னோ வட்டாரம் மிலான் பிரபுக்களின் கையில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிஸ் கூட்டமைப்பினர் அதைப் பிடித்து, ஆளுநர்களை அனுப்பி 1798 வரை ஆண்டார்கள். 1803-இல் நெப்போலியனின் ஏற்பாட்டில் திச்சினோ சம உரிமையுள்ள தனி மாநிலமானது. மலைக்கு மேல் இருந்த கிராமங்களின் அன்றாட வாழ்க்கையை இவை பெரிதாக மாற்றவில்லை. காடு, மேய்ச்சல், தண்ணீர் ஆகியவற்றை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதை ஊர்க்கூட்டம்தான் தீர்மானித்தது. சுவிஸ் ஊராட்சி அமைப்பின் வேர் இந்தக் கூட்டங்களில் இருக்கிறது.

மக்கள்தொகை உச்சம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1850-இல் கொரிப்போவில் 294 பேர். மேலே சொன்ன நிலத்தில் 294 வயிறுகள் என்றால் நெருக்கடி புரியும். அதற்கு மேல் 1853-இல் ஓர் அடி விழுந்தது. லோம்பார்டி அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மிலானில் நடந்த கிளர்ச்சிக்குத் திச்சினோ புகலிடம் கொடுத்தது என்று குற்றம்சாட்டி, ஆஸ்திரியர்கள் லோம்பார்டியில் வேலை செய்துகொண்டிருந்த சுமார் 6,000 திச்சினோக்காரர்களை வெளியேற்றினார்கள். எல்லையையும் மூடினார்கள். கூலி நின்றது, தானியம் வருவதும் நின்றது.

அதே சமயம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியிருந்தது. 1854, 1855 ஆண்டுகளில் மட்டும் திச்சினோவிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் அங்கே கப்பல் ஏறினார்கள். பயணச் செலவுக்குப் பல ஊராட்சிகளே கடன் கொடுத்தன. தன் குடிமக்களை அனுப்பிவைக்கத் தன் காட்டையும் மேய்ச்சலையும் ஈடு வைத்த ஊர்களும் உண்டு. தங்கத்தில் பணம் பார்த்தவர்கள் குறைவு. கடன் பல ஊர்களை நெடுங்காலம் அழுத்தியது. அதற்குப் பிறகு கலிஃபோர்னியா. அங்கே பால் பண்ணைகளில் வேலை கிடைத்தது, மாடு இவர்களுக்குத் தெரிந்த தொழில். முன்பு வேலைக்குப் போனவர்கள் பருவம் முடிந்தால் திரும்பி வந்தார்கள். கடல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

கடல் தாண்டிப் போனதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கீழே சமவெளிக்கு இறங்கிப் போனதுதான் கடைசியில் ஊரின் கதியைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. 1874-இல் லொகார்னோவுக்கு ரயில் வந்தது. 1882-இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கொட்ஹார்ட் ரயில் சுரங்கப்பாதை திறந்து, திச்சினோ வடக்கோடு இணைந்தது. 1888-இல் திச்சினோ ஆற்றைக் கரைகளுக்குள் கட்டும் பணி தொடங்கியது. சதுப்பு வற்றியது, மலேரியா ஒழிந்தது, சமவெளி விளைநிலமாகவும் பிறகு தொழிற்பேட்டைகளாகவும் மாறியது. கோடையில் மேலே ஏறக் காரணம் போய்விட்டது. குளிர்காலக் குடிசை நிரந்தர வீடானது. கொரிப்போவின் வீடு கோடை விடுமுறைக்குப் போகிற வீடானது. 1950-இல் ஊரில் 73 பேர். 2000-இல் 22 பேர். இதே காலத்தில் திச்சினோவின் மக்கள்தொகை 1850-இல் இருந்த சுமார் 1,18,000-லிருந்து மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. வட்டாரம் காலியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள் சரிவிலிருந்து சமதரைக்கு இறங்கிவிட்டார்கள்.

இடையில் ஓர் அணை. 1961-க்கும் 1965-க்கும் இடையில் பள்ளத்தாக்கின் வாயில் 220 மீட்டர் உயரத்துக்கு வளைவு அணை கட்டி வொகோர்னோ ஏரியை உருவாக்கினார்கள். 1995-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத்தில் நாயகன் குதிக்கும் அணை இதுதான். எதிர்க்கரை வொகோர்னோவின் தாழ்வான பகுதிகள் நீரில் போயின. கொரிப்போ உயரத்தில் இருந்ததால் தப்பியது. ஏரியை மேலிருந்து பார்க்கும் ஊராக மாறியது. அணையால்தான் ஊர் அழிந்தது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அணை வருவதற்குப் பத்தாண்டு முன்பே அங்கே நூறு பேர்கூட இல்லை.

சரி, பத்துப் பன்னிரண்டு பேர் எப்படி ஓர் ஊராட்சியை நடத்தினார்கள்? சுவிட்சர்லாந்தில் ஊராட்சி என்பது நடுவணரசு, மாநிலம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது அடுக்கு. அது தன் வரி விகிதத்தைத் தானே முடிவு செய்யும். பள்ளி, தண்ணீர், உள்ளூர்ச் சாலை, கட்டட அனுமதி எல்லாம் அதன் பொறுப்பு. குடியுரிமைகூட ஊராட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடத்துக்குப் பதிலாகப் பூர்வீக ஊராட்சியின் பெயர் இருக்கும். கொரிப்போவை வாழ்நாளில் பார்த்தே இராத ஒருவர் தாத்தாவின் தாத்தா வழியில் “கொரிப்போ” என்று கடவுச்சீட்டில் வைத்திருக்கலாம். அதனால் ஆள் குறைந்துவிட்டது என்பதற்காக ஊராட்சி தானாகக் கலைந்துவிடாது. கலைக்க யாராவது முடிவெடுக்க வேண்டும்.

திச்சினோவில் சின்ன ஊராட்சிகளுக்கு வார்டு உறுப்பினர், மன்றம் என்று எதுவும் வேண்டியதில்லை. ஓட்டுரிமை உள்ள எல்லோரும் கூடும் கூட்டமே சட்டமன்றம் மாதிரி. தலைவரும் சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு நிர்வாகம் செய்யலாம். காகிதத்தில் எளிது. நடைமுறையில் பன்னிரண்டு பேரில் முதியவர்களைக் கழித்தால் பொறுப்பேற்க ஆளே மிஞ்சாது. கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வைப்பவரும், அதைச் சரிபார்ப்பவரும், கைதூக்கி ஒப்புதல் தருபவரும் ஒரே நான்கைந்து குடும்பத்தினர். வரி வருமானம் குடிநீர்க் குழாய் பழுதுக்கே காணாது. பணக்கார ஊராட்சிகளிடமிருந்து சின்ன ஊராட்சிகளுக்குப் பணம் பகிரும் மாநில ஏற்பாட்டால்தான் கணக்கு ஓடியது. பணத்தையாவது வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம். பொறுப்பேற்கும் ஆளை அப்படிக் கொண்டுவர முடியாது.

இது கொரிப்போவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 3,200-க்கு மேல் இருந்த சுவிஸ் ஊராட்சிகள் இப்போது 2,100 சொச்சம். திச்சினோவில் சரிவு இன்னும் வேகம்: 1990-களில் 240-க்கு மேல் இருந்தவை இன்று நூறு அளவில் நிற்கின்றன. 2020-இல் பிறந்த வெர்சாஸ்கா ஊராட்சியில் கொரிப்போவோடு பிரியோனே, ஃபிராஸ்கோ, சொனோஞ்ஞோ, வொகோர்னோ ஆகியவையும், லவெர்தெட்சோ, குஞ்ஞாஸ்கோ-ஜெர்ரா ஆகிய ஊராட்சிகளின் மலைப்பகுதிகளும் சேர்ந்தன. இத்தனையும் சேர்ந்தும் மக்கள்தொகை 1,000-ஐத் தொடவில்லை.

இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 1975 ஐரோப்பியக் கட்டடப் பாரம்பரிய ஆண்டாக அறிவிக்கப்பட்டபோது கொரிப்போ முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கென அமைந்த அறக்கட்டளையின் பெயரே கொரிப்போ 1975. சிதைந்த வீடுகளை வாங்கிச் சீரமைத்து மறுபடி குடியேற்றுவது திட்டம். தோற்றத்தைக் காப்பதில் வெற்றி பெற்றார்கள்; சிமென்ட் பெட்டி ஒன்றுகூட நடுவில் முளைக்கவில்லை. குடியேற்றம் நடக்கவில்லை. குறுகலான அறை, தாழ்ந்த கூரை, வாசல்வரை வண்டி வராத நிலை, மாற்றிக் கட்டக் கட்டுப்பாடு இவற்றோடு குழந்தை உள்ள குடும்பம் வந்து தங்குவது எளிதல்ல. கல்லைக் காப்பாற்றுவதற்கு இருந்த கவனத்தில் பாதியாவது அங்கே பிழைப்புக்கு வழி செய்வதற்கு அன்றே இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பல பத்தாண்டுகள் கழித்து, 2022-இல், அந்த அறக்கட்டளை ஊரையே ஒரு விடுதியாகத் திறந்தது. வெவ்வேறு பழைய வீடுகளில் அறைகள். வரவேற்பும் சாப்பாடும் ஊர் உணவகத்தில். இத்தாலியில் ஏற்கெனவே பழகிய இந்த முறைக்குச் சுவிட்சர்லாந்தில் இது முன்னோடி. அறைகளுக்கு வருகிறவர்கள் விருந்தினர்கள்தான், குடிமக்கள் அல்லர். ஆனாலும் அங்கே வேலை என்று ஒன்று உருவாகியிருக்கிறது.

மிகச் சிறிய ஊராட்சி என்ற பட்டம் 2020 இணைப்புக்குப் பிறகு சோலொதூர்ன் மாநிலத்தின் கம்மெர்ஸ்ரோருக்குப் போனது. அங்கே அப்போது முப்பது பேர் அளவில் இருந்தார்கள்.

நேரில் போக நினைப்பவர்களுக்கும் புள்ளிவிவரம் தேடுபவர்களுக்கும் ஒரு குறிப்பு. பழைய குடிபெயர்வு வாழ்க்கையால் லவெர்தெட்சோ போன்ற ஊராட்சிகளின் எல்லை மலையில் ஒரு துண்டு, சமவெளியில் ஒரு துண்டு என்று பிரிந்து கிடந்தது. இணைப்பின்போது மலைத்துண்டு மட்டும் வெர்சாஸ்காவுக்குப் போனது. ஆகவே இன்று “லவெர்தெட்சோ” என்ற ஊராட்சி சமவெளியில் இருக்கிறது. புகைப்படங்களில் நாம் பார்க்கும் இரட்டை வளைவுக் கல்பாலமும் பச்சைத் தண்ணீரும் கொண்ட லவெர்தெட்சோ கிராமம் அந்த ஊராட்சியில் இல்லை. கொரிப்போவின் மக்கள்தொகையும் 2020-க்குப் பிறகு வெர்சாஸ்காவின் கணக்கில் சேர்ந்துவிட்டதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும்போது எல்லை எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.